அந்த எண்ணை மாற்றச் சொல்லாதே

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். 1966இல் காணாமல் போன போமான்ட் பிள்ளைகளைத் தேடி நார்த் பிளிம்டனில் அந்தப் பழைய ஆலை நிலத்தைத் தோண்டி முடித்துவிட்டார்கள், இந்தத் தடவையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதும், "மூணு சின்னப் பிள்ளைகளை எப்படிம்மா அந்த அம்மா தனியா பீச்சுக்கு அனுப்பினாங்க?" என்றாய். "அது அந்தக் காலம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு நாளாக அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ அடிலெய்டில் வளர்ந்தவள். போமான்ட் பிள்ளைகள் என்றால் உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிவது போல ஒரு பெயராகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான். நாம் இங்கே வந்த 1988இல் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் அதைச் சொன்னார். அவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாம். "அந்த ஜனவரிக்கு அப்புறம் எங்கள் அம்மா ராத்திரி எங்களைப் படுக்கையில் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு அந்த வழக்கைப் பற்றி எது வந்தாலும் படித்தேன், கேட்டேன்.

1966 ஜனவரி 26, புதன்கிழமை. ஆஸ்திரேலியா தினம், பள்ளி விடுமுறைக் காலம். ஜேனுக்கு ஒன்பது வயது, ஆர்னாவுக்கு ஏழு, தம்பி கிரான்டுக்கு நான்கு. சாமர்டன் பார்க்கில் வீடு. அங்கிருந்து கிளெனெல்க் கடற்கரைக்குப் பஸ்ஸில் ஐந்து நிமிடம். காலையில் மூவரும் கிளம்பினார்கள். மத்தியானப் பஸ்ஸில் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. அந்தப் பஸ் வந்தது, பிள்ளைகள் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் வருவார்கள் என்று அம்மா நான்சி நினைத்திருக்கிறார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? அதிலும் வரவில்லை. வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த அப்பா ஜிம் அன்றைக்குச் சீக்கிரமே திரும்பியிருந்தார். அவர் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். கூட்டத்தில் மூன்று பிள்ளைகளைத் தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடற்கரையை ஒட்டிய கோலி ரிசர்வ் புல்வெளியில் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். உயரமான, ஒல்லி முகம் கொண்ட, வெளிர் முடிக்காரர் ஒருவரோடு விளையாடிக்கொண்டிருந்தார்களாம். முப்பதுகளின் நடுவில் வயது இருக்கும் என்றார்கள். பிள்ளைகள் பயந்தது போலத் தெரியவில்லை, பழகியவரோடு இருப்பது போல இருந்தார்கள். அப்போதுதான் நான்சிக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கிறது. கொஞ்ச நாள் முன்னால் ஆர்னா, "ஜேனுக்குக் கடற்கரையில் ஒரு பாய் ஃப்ரெண்டு இருக்கிறான்" என்று சொல்லியிருந்தாள். கூட விளையாடும் பையன் யாரோ என்று அம்மா நினைத்துக்கொண்டார். உன் மகள் அப்படிச் சொன்னால் நீயும் சிரித்துக்கொண்டு பாத்திரம்தான் கழுவிக்கொண்டிருப்பாய். நானும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். அன்றைக்கு ஜேன் பக்கத்து பேக்கரியில் தின்பண்டம் வாங்கினாள். கொடுத்தது ஒரு பவுண்டு நோட்டு. அம்மா கொடுத்து அனுப்பியதோ வெறும் சில்லறை. அந்த நோட்டு யார் கொடுத்தது என்பது இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 14ஆம் தேதி இந்த நாட்டில் பவுண்டு போய் டாலர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் அந்த டாலரைக் கையில் தொட்டதே இல்லை. ஏனோ இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடலில் தேடினார்கள், மணல்மேடுகளில் தேடினார்கள், பட்டவலோங்காவில் படகுத் துறைத் தண்ணீரையே வடித்துப் பார்த்தார்கள். துண்டு, துணி, செருப்பு, பை, எதுவும் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகள் கொண்டுபோன பொருள்களில் ஒன்றுகூட இந்த ஐம்பத்தொன்பது வருடத்தில் கிடைக்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் 1956இல் பிறந்தவள். ஜேனும் அதே 1956தான், செப்டம்பர் மாதம். அந்த ஜனவரியில் எனக்கும் ஒன்பது வயது. எனக்கும் கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் பத்திரமா பாத்துக்கோ" என்று சொல்லி ஆற்றுக்கு அனுப்புவாள். கூட வர அவளுக்கு நேரம் ஏது? தம்பி ஆழத்துக்குப் போனால் முடியைப் பிடித்து இழுத்து வருவேன். திரும்பி வரத் தாமதமானால் அம்மா திட்டுவாள், அவ்வளவுதான். அக்கறை இல்லாத அம்மாவா உன் பாட்டி? உனக்கே தெரியும். மூத்தவள் என்றால் தாய்க்குப் பாதி என்று நம்பி வளர்த்தார்கள். ஜேனையும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். பொறுப்பான பெண் என்று அவளை அறிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

நான் இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டதில் மறக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. 1966இல் நான்சியை யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளைத் தனியாக அனுப்பியது தப்பு என்ற பேச்சே அப்போது எழவில்லை. ஏனென்றால் ஊரே அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி பிற்பாடு வந்தது. அந்தக் காலத்தில் வாழாதவர்கள் கேட்பது. அதைக் கேட்டால் நமக்கு மனம் கொஞ்சம் லேசாகிறது, இல்லையா? அந்த அம்மா ஒரு தப்புச் செய்தார், நாம் அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம், அதனால் நம் பிள்ளைக்கு ஒன்றும் வராது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். உன்மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை கண்ணு. அந்த நினைப்பை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்ட நாள் ஒன்று உண்டு. உனக்கு அதில் பாதிதான் தெரியும்.

1992 ஜனவரி. உனக்கு ஆறரை வயது, தம்பிக்கு இரண்டு. மூன்று பேரும் டிராமில் கிளெனெல்க் போனோம். டிராம் போய் நிற்கும் சதுக்கத்தில், கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில், தம்பியின் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. குனிந்து மாட்டினேன். நிமிர்ந்தேன். நீ இல்லை.

எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் அளந்து பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் இருக்கலாம்.

கூப்பிட்டேன். ஓடினேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். உன் மஞ்சள் கவுன் போலவே அன்றைக்கு எத்தனை மஞ்சள்! போலீஸிடம் போவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று தெரியவில்லை. ஆள் காணாமல் போய் 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று எங்கேயோ கேட்டது மனதில் நின்றது. அது பொய். இந்த நாட்டில் அப்படி ஒரு விதியே கிடையாது. பயமாக இருந்தால் அந்த நிமிடமே போலீஸைக் கூப்பிடலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, என் ஆங்கிலமும் அப்போது தடுமாறும். அங்கே பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இவள் என்ன செய்துகொண்டிருந்தாளாம்?" ஆங்கிலம் எவ்வளவு தடுமாறினாலும் அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து நீ வந்தாய். ஒரு ஆள் உன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். உயரமாக, வெளிர் முடியோடு, முப்பத்தைந்து வயது மதிக்கும்படி. நான் பத்திரிகையில் பார்த்து மனதில் வைத்திருந்த, 1966 சந்தேக ஆளின் ஓவிய முகம் நடந்து வருவது போல இருந்தது. ஓடிப்போய் உன்னை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை. உன் மணிக்கட்டு சிவந்துபோய் நீ அழுதாய்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். ஒரு நாயைப் பின்தொடர்ந்து நீ வெகுதூரம் போய்விட்டாய் என்றார். அழுதுகொண்டே நம் வீட்டு போன் எண்ணை ஒப்பித்தாயாம். பொது போனில் காசு போட்டு வீட்டுக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறார். அப்பா வேலையில், நான் கடற்கரையில். யாரும் எடுக்கவில்லை. அப்புறம் உன்னைக் கூட்டிக்கொண்டு, உன் அம்மா எந்த நிறப் புடவை என்று கேட்டுக் கேட்டு, கூட்டத்தில் என்னைத் தேடியிருக்கிறார்.

அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முறைத்துப் பார்த்தேன். அவருக்கு அது புரிந்திருக்கும். உனக்குக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி நீ தூங்கியபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் எந்த ஆணும் தொலைந்த ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்படி நடந்தவருக்கு நான் கொடுத்தது அந்தப் பார்வை. முப்பத்துமூன்று வருடமாக, கிளெனெல்க் போகும்போதெல்லாம் அவர் தென்படுவாரா என்று பார்க்கிறேன். இப்போது எழுபதை நெருங்கியிருப்பார். எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

அன்றைய இருபத்தைந்து நிமிடத்தில் எனக்கு நான்சி யார் என்று தெரிந்துபோயிற்று. அவர் செய்ததும் நான் செய்ததும் வேறு வேறு இல்லை. எனக்கு வந்தவர் நல்லவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் அவருக்கு ஐம்பத்துமூன்று வருடம். அதற்குள் அவரை என்னவெல்லாம் பாடுபடுத்தினார்கள் தெரியுமா! அதே 1966 நவம்பரில் ஹாலந்திலிருந்து ஜெரார்ட் கிராசெட் என்று ஒருவரை வரவழைத்தார்கள். கண்ணை மூடினால் காணாமல் போனவர்கள் தெரிவார்கள் என்று பேர் வாங்கியவர். ஒரு கிட்டங்கியின் தரைக்கு அடியில் இருக்கிறார்கள் என்றார். பொதுமக்கள் 40,000 டாலர் திரட்டிக் கொடுத்து, கட்டிடத்தை இடித்துத் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. முப்பது வருடம் கழித்து 1996இல் அதே இடத்தை இன்னொரு தடவை தோண்டினார்கள். அப்போதும் இல்லை.

அதைவிடக் கொடுமை அந்தக் கடிதங்கள். பிள்ளைகள் போய் இரண்டு வருடம் ஆனபிறகு, ஜேன் எழுதியது போல வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நீ இப்போது இருக்கும் மெல்போர்னுக்குப் பக்கத்தில் டாண்டனாங் அஞ்சல் முத்திரை. நன்றாக இருக்கிறோம், எங்களை வைத்திருப்பவர் நல்லவர் என்று. அந்த ஆள் எழுதியதாக இன்னொன்று: இந்த இடத்துக்கு வந்தால் பிள்ளைகளைத் தந்துவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் கிளம்பிப் போனார்கள். காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கடிதம், ஜேன் எழுதியது போலவே. போலீஸ்காரர் மறைந்து வந்ததை அந்த ஆள் பார்த்துவிட்டாராம், நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டீர்களாம், இனி பிள்ளைகளைத் தர மாட்டாராம். அந்த அம்மா தன் பிள்ளை இனி வராததற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி கிடந்திருப்பார்! 1992இல், நீ தொலைந்து கிடைத்த அதே வருடம், கைரேகையை வைத்து அதை எழுதியவரைக் கண்டுபிடித்தார்கள். எழுதும்போது அவர் பதின்வயதுப் பையன். விளையாட்டுக்கு எழுதினாராம். காலம் கடந்துவிட்டதால் வழக்கும் இல்லை.

1990இல் பத்திரிகைகள், பிள்ளைகள் வளர்ந்திருந்தால் எப்படி இருப்பார்கள் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து போட்டார்கள். பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் மனதில் நான்கு வயசுக் கிரான்டாக இருந்தவனைக் கேட்காமல் பெரியவனாக்க இவர்கள் யார்?

அப்புறம் இந்த ஆலை நிலம். 1966இல் அந்த வார இறுதியில் அங்கே ஒரு குழி தோண்டச் சொல்லித் தங்களுக்குக் காசு கொடுத்தார்கள் என்று இரண்டு சகோதரர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். 2013இல் தோண்டினார்கள். 2018 பிப்ரவரியில் தோண்டியபோது ஹெலிகாப்டர் எல்லாம் மேலே சுற்ற, ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மிருக எலும்பும் குப்பையும் வந்தன. இப்போது, 2025இல், மூன்றாவது தடவை. அதன் முதலாளியாக இருந்தவர் மேல் சிலருக்குச் சந்தேகம். அவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது, எதுவும் நிரூபணம் ஆகவில்லை, அதனால் நான் பெயர் எழுதவில்லை. தகவல் தருபவருக்கு மாநில அரசு அறிவித்த 10 லட்சம் டாலர் இன்னும் அப்படியே இருக்கிறது.

நான்சி 2019 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார், 92 வயதில். ஜிம் 2023 ஏப்ரலில், 97 வயதில். அந்தத் துக்கத்தில் இருவரும் பிரிந்து வாழும்படியும் ஆனது. இரண்டு பேருமே தெரியாமலேயே போனார்கள். இந்தத் தடவை தோண்டும்போது, 'கிடைத்தால் யாரிடம் சொல்வார்கள்?' என்றுதான் நான் நினைத்தேன். உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

உன்னை நான் இறுக்கிப் பிடித்து வளர்த்தேன். பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பவில்லை, தோழி வீட்டில் ராத்திரி தங்க விடவில்லை, பதினாறு வயதிலும் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். உன் தோழிகள் சிரித்தார்கள் என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. அதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நம் வீட்டுப் பெண் பிள்ளை என்பதற்காகவோ, ஊர் என்ன சொல்லுமோ என்றோ செய்தது இல்லை அது. அந்த அரை நிமிடம்தான்.

உன் மகள் சின்னவளுக்கும் இப்போது ஒன்பது வயது. தோழியோடு மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கும் நூலகத்துக்கு டிராமில் போகக் கேட்கிறாள், நீ விடவில்லை என்றாய். விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. அந்தத் தெரு உனக்குத் தெரியும், அவளையும் உனக்குத் தெரியும். நீ எப்படி முடிவு செய்தாலும் அது தப்பாகாது. ஒன்றே ஒன்று. அந்த அம்மா எப்படி அனுப்பினாங்க என்று சின்னவள் காதுபடக் கேட்காதே. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒரு சங்கடம் வந்தால், அம்மாவைக் குறை சொல்வார்களே என்று பயந்து அவள் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. கடற்கரையில் ஒரு சிநேகிதர் என்று ஆர்னா சொன்னாளே, அது போல எதைச் சொன்னாலும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா அது?" என்று கேள். நான்சிக்குக் கேட்கத் தோன்றவில்லை என்று இதைச் சொல்லவில்லை. அவர் கொடுத்த விலைக்கு நாம் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

ஏப்ரல் லீவுக்கு அவளை இங்கே அனுப்பு. நானும் உங்கப்பாவும் ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம். கிளெனெல்க் கூட்டிப் போகிறேன். அந்தச் சதுக்கத்தில் அவள் கையை விட்டுவிட்டு நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. முடியுமா என்று தெரியவில்லை.

கடைசியாக, வீட்டு போன். எல்லாரும் செல்போனுக்கு வந்தாயிற்று, அந்தப் பழைய இணைப்பை ஏன் காசு கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறாய். நான்சியும் ஜிம்மும் சாமர்டன் பார்க் வீட்டை விட்டுப் பல வருடம் போகவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது நாங்கள் இல்லாமல் இருந்தால் என்ன ஆவது என்றாராம் அந்த அம்மா. அன்றைக்கு அந்த மனிதர் காசு போட்டு இரண்டு தடவை அடித்தபோது நம் வீட்டில் யாரும் இல்லை. 1996இல் இந்த ஊர் எண்களுக்கு எல்லாம் முன்னால் ஒரு 8 சேர்த்தார்கள். அன்றைக்கே உன்னையும் தம்பியையும் உட்காரவைத்துப் புது எண்ணைப் பத்துத் தடவை சொல்லவைத்தேன். உனக்குப் பதினொரு வயது, "எனக்குத் தெரியும்மா" என்று சலித்துக்கொண்டாய்.

அந்த எண் இருக்கட்டும். சின்னவளுக்கும் அதைச் சொல்லிக் கொடு. போனில் பதிந்திருக்கிறது என்று விட்டுவிடாதே, வாயால் சொல்லப் பழக்கு. எப்போது அடித்தாலும் நான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா